மோட்டார் வள்ளத்துக்குப் புதுத் தொட்டி

பெட்ரோல் கையில் பட்டால் முதலில் குளிரும். தண்ணீர் பட்ட குளிர் மாதிரி இல்லை அது. தண்ணீர் கையில் தங்கி, வழிந்து, பாவாடையில் துடைத்தால் போய்விடும். பெட்ரோலோ யாரோ குனிந்து விரல் நுனியில் ஊதிவிட்டதுபோல் சில்லென்று ஏறி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய், தோலைச் சாம்பல் பூத்தாற்போல் வெளிறவைத்துவிட்டு வாடையை மட்டும் விட்டுச் செல்லும். ஒன்பது வயதில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு வரக்கூடாதுதான், எனக்கு வந்தது. குற்றாலத்துச் சாரல் என்றால் எல்லோருக்கும் அருவி ஞாபகம் வரும், பழக்கடை ஞாபகம் வரும், எண்ணெய் தேய்த்த உடம்புகளின் கூட்டம் ஞாபகம் வரும். எனக்கு ஒரு பழைய மோட்டார் வள்ளத்தின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தது ஞாபகம் வரும், அதோடு சேர்ந்து அந்தப் பயமும் வரும்.

எங்கள் அப்பாவைத் தென்காசியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பிட்டர்" என்பார்கள், வயதில் சின்னவர்கள் "பிட்டர் அண்ணாச்சி" என்பார்கள். வயல் கிணறுகளில் தண்ணீர் இறைக்கிற என்ஜின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். சைக்கிளின் பின்னால் சாமான் பையைக் கட்டிக்கொண்டு அச்சன்புதூருக்கும் ஆலங்குளத்துக்கும் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரி அப்பிய கையோடு திரும்பி வருவார். வீட்டில் நான் ஒரே பிள்ளை. வேற்று ஆள் முகம் கண்டால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிகிற பிள்ளை. "ஏட்டி, இந்தப் பிள்ளைக்கு வாயில நாக்கு இருக்கா, இல்ல அதையும் நீயே வாங்கி வச்சிக்கிட்டியா?" என்று அம்மாவைக் கேலி செய்யாத பொம்பளை எங்கள் தெருவில் இல்லை. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், கிணற்றை எட்டிப்பார்க்கப் பயம், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருமினாலும் பயம்.

செங்கோட்டை மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது. தென்காசியில் மரக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், மரம் எடுக்கக் கொல்லம் பக்கம் போய்வருகிறவர், அங்கே காயல் என்கிற உப்பங்கழியில் ஓடி ஓய்ந்துபோன சின்ன மோட்டார் வள்ளம் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி, ஆரியங்காவு மலைப்பாதை வழியாகக் கொண்டுவந்து, குற்றாலம் போகிற வழியில் இருந்த குளத்தில் இறக்கிவிட்டார். அருவியில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் ரோட்டில் நடந்துகொண்டிருக்கிற சீசன்காரர்களை அதில் ஏற்றிக் குளத்தைச் சுற்றிக் காட்டலாம் என்பது அவர் யோசனை. வள்ளத்தின் நீலச் சாயம் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது; நெற்றியில் மலையாளத்தில் ஏதோ பெயர் எழுதியிருந்தது, வாசிக்க ஆள் இல்லை. "அருவியில நனைஞ்சது போதாதுன்னு குளத்துல வேற முக்கி எடுக்கப் போறாரு" என்று வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி அதை "போட்டு" என்பார். ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் அவர் கூப்பிட்டது அப்பாவை. வெயிலில் சைக்கிள் மிதிக்க வேண்டாம், ஒரே இடத்தில் நின்று செய்கிற வேலை என்று அப்பா சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கெணத்து என்ஜினு கரையில நிக்கும். இது தண்ணிக்கு மேல நிக்கும். நடுக்குளத்துல நின்னுபோச்சுன்னா எறங்கி நடந்தா வருவிய?" என்று கேட்டாள். நீச்சல் தெரிந்த மனுஷருக்கு என்ன பயம் என்று அப்பா சிரித்தார். எனக்கு அன்று ராத்திரியே கனவில் அப்பா தண்ணீருக்கு மேல் நடந்து வந்தார்.

வள்ளத்தின் என்ஜின் நல்ல என்ஜின்தானாம். கெட்டுப்போயிருந்தது பெட்ரோல் தொட்டி. பின்பக்கத்துப் பலகைக்கு அடியில், கயிற்றுக்கடைக் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். வள்ளம் ஆட ஆடக் கயிறு தளர்ந்து, தொட்டி அங்கும் இங்கும் இழுபட்டு, அடியில் துருப்பிடித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையில் பார் சோப்பை அப்பி அடைத்திருந்தார்கள். அப்பா அந்தச் சோப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தொட்டி ஆடுனா கொழா ஒடியும், கொழா ஒடிஞ்சா உசுரு போவும். இத வச்சிக்கிட்டு நான் ஆளேத்த மாட்டேன் அண்ணாச்சி, புதுசு செய்யணும்" என்று சொன்னார். முதலாளி முனகிக்கொண்டே சம்மதித்தார்.

பழைய தொட்டியைக் கழற்றுகிற அன்றைக்கு அப்பா குளத்தங்கரையில் ஒரு பீடி எரிய விடவில்லை. லாரி டிரைவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தபடியே பீடியோடு வள்ளத்துப் பக்கம் வர, அப்பா கையை நீட்டி அவர் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட்டார். "என்ன பிட்டரே, பொண்டாட்டி மாதிரி பீடியப் பிடுங்குதீரு?" என்று அவர் கேட்க, "உம்ம பொண்டாட்டிக்காகத்தான் பிடுங்குதேன். பெட்ரோலு ஆள் பாத்துப் பிடிக்காது வேய்" என்றார் அப்பா. வள்ளத்தின் அடியில் கிடந்த எண்ணெயும் தண்ணீரும் கலந்த கசடைக் கோரி எடுத்து, சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, காற்றில் திறந்துபோட்டு உலர்த்தினார். அவ்வளவு கவனமான மனுஷர். இதை நான் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

புதுத் தொட்டி தென்காசியில் ஒரு தகரப் பட்டறையில் தயாராகி வந்தது. அப்பா அதை இந்தத் தடவை கயிற்றால் கட்டவில்லை. இரண்டு பக்கமும் தேக்குக் கட்டை வெட்டி அண்டை கொடுத்து, மேலே இரண்டு இரும்புப் பட்டைகளை வளைத்துப் போட்டு, பட்டை தகரத்தில் உராயாமல் இருக்க நடுவில் லாரி ட்யூப்பை வெட்டி வைத்து, குறுக்குச் சட்டத்தில் போல்ட்டு இறக்கி முறுக்க வேண்டும் என்று திட்டம். போல்ட்டை மேலிருந்து திருகுகிறபோது அடியில் நட்டை யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இடுக்கில் அப்பாவின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. என் கை போகும். "மக்கா, நீ ஒரு கை குடுத்தாத்தான் ஆவும்" என்றார். முடியாது என்று சொல்லவும் எனக்குப் பயம்.

பலகையில் கன்னம் அழுந்தக் குப்புறப் படுத்துக்கொண்டு, ஸ்பேனரைப் பிடித்த கையை இருட்டுக்குள் விட்டேன். பார்க்க முடியாத இடத்தில் கை போனால் அது நம் கையே இல்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. மரத்தின் பாசி வழுக்கும், எங்கேயோ மிச்சம் இருந்த பெட்ரோல் விரலில் பட்டுக் குளிரும், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் குளத்துத் தண்ணீர் பொத் பொத்தென்று வள்ளத்தை அறைகிறது கேட்கும். "பிடிச்சிட்டியா?" என்று அப்பா கேட்பார், நான் "ம்" என்பேன். "விட்ராத. விட்டா அது சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும், இறுகாது." நான் விடவில்லை. கடைசிப் போல்ட்டு இறுகி முடிந்து கையை உருவப் பார்த்தேன், வரவில்லை. என் கண்ணாடி வளையல் போல்ட்டு முனைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

கத்த வேண்டும் என்று தோன்றியது, கத்தவும் பயம். வள்ளம் முங்கினால் நான் இப்படியே கையோடு கீழே போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா "கைய எடுத்துட்டியா" என்று கேட்டு, பதில் வராததால் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை அதட்டவில்லை. கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்து, இரண்டு விரல் போகிற ஓட்டை வழியாக மெல்ல இறக்கி, "கண்ண மூடிக்கோ மக்கா. பொட்டுன்னு ஒரு சத்தம் கேக்கும், அவ்வளவுதான்" என்றார். பொட்டென்று கேட்டது, கை வந்துவிட்டது. வீட்டில் அம்மா என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "வேல ஆரம்பிக்கயிலயே வளையல ஒடச்சிக்கிட்டு வந்து நிக்குதாளே" என்று வாயில் அடித்துக்கொண்டாள். பயம் எங்கள் வீட்டில் அம்மா பக்கத்துச் சொத்து.

தொட்டி கல்லில் அடித்த ஆணிபோல் நின்றது. அப்பா இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார், வள்ளம்தான் ஆடியது, தொட்டி ஆடவில்லை. அதற்குப் பிறகு தொட்டியின் அடிக் குழாயைச் செம்புக் குழாயோடு பூட்டினார். பூட்டுகிற இடத்தில் கசியாமல் இருக்க ஒரு வாஷர் வேண்டும். கிணற்று என்ஜின்களில் தண்ணீர்க் குழாய்க்கெல்லாம் ட்யூப்பில் வட்டமாக வெட்டிப் போட்டே பழகிய கை. அதே லாரி ட்யூப்பில் இரண்டு வெட்டி, ஒன்றைப் போட்டுவிட்டு, ஒன்றைச் சாமான் பையில் வைத்துக்கொண்டார். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு பகல் முழுவதும் வைத்துப் பார்த்தோம். அடியில் விரித்த காகிதத்தில் ஒரு சொட்டு விழவில்லை. முதலாளி வந்து பார்த்து, "நல்ல காரியத்த ஏன் தள்ளிப் போடணும், திங்கக்கெழம காலைல பூச போட்டு எறக்கிருவோம்" என்று நாள் குறித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொட்டியில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டு, துடைத்துக் காயவைத்துப் பெட்ரோல் ஊற்றினார்கள். ஊற்றும்போது கொஞ்சம் சிந்தியது. ராத்திரி முழுக்கத் தொட்டி மேல் பலகையைத் திறந்துபோட்டால் வாடை போய்விடும் என்றார் அப்பா. ஆனால் இருட்டுகிறபோது சாரல் இறங்கியது. புதிதாகத் தைத்துப் போட்ட மெத்தைகள் நனைந்துவிடும் என்று முதலாளி பலகையை மூடச் சொல்லி, வள்ளத்துக்குப் போட்டிருந்த கூரையின் தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டச் சொல்லிவிட்டார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு கட்டினார்.

மறுநாள் காலையில் எனக்குத் தலைக்குக் குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டி, பூ வைத்துக் குளத்துக்குக் கூட்டிப் போனார்கள். புது வண்டியோ புது வீடோ, முதலில் ஒரு கன்னிப்பிள்ளை ஏறி உட்கார்ந்தால் ராசி என்று முதலாளி வீட்டு வழக்கம். அவருக்கே என் வயதில் மகள் உண்டு. அம்மா வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்குத் தண்ணியக் கண்டா சளி பிடிக்குமாம். எம்பிள்ளைக்கு மட்டும் தவளைத் தோலா?" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அப்பா காதில் விழாததுபோல் முன்னால் நடந்தார்.

வள்ளத்தின் பின்பக்கம் கரையை ஒட்டி நிற்க, ஏறி இறங்க ஒரு பலகை போட்டிருந்தார்கள். கரையில் நல்ல கூட்டம். அப்பா என்னைத் தூக்கி, கூரைக்குக் கீழே, தொட்டியை மூடியிருந்த பலகை மேலேயே உட்காரவைத்துவிட்டு என்ஜின் பக்கத்தில் நின்றார். காற்றுக்குப் பயந்து, ஏறுகிற வழியைத் தவிர ஒரு பக்கத்துத் தார்ப்பாயைத்தான் சுருட்டியிருந்தார்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தது. அந்தக் காலத்தில் அந்த வாடை எல்லோருக்கும் பிடிக்கும், பணக்கார வாடை. முதலாளி மூக்கை உறிஞ்சி, "என்ன பிட்டரே, உள்ள செண்டு தெளிச்சிருக்கீரா?" என்று கேட்க, கரையே சிரித்தது.

நான் பலகையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தேன். பலகை இடுக்குக்குள் என் விரல்கள் இறங்கியிருந்தன. அங்கே ஈரம். சாரல் ஈரம் என்று நினைத்தேன், ஆனால் விரல் நுனி சில்லென்று குளிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து வெளிறிற்று. மறுபடி விட்டேன், மறுபடி நனைந்தது. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா, கீழ பெட்ரோலு" என்றேன். அவ்வளவு பேருக்கு நடுவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா குனிந்து கேட்டார், கேட்டுவிட்டு என் தலையைத் தடவி, "நேத்து சிந்துனது மக்கா. காத்துல போயிரும். பயப்படாத, அப்பா இருக்கேம்லா" என்றார். பயந்த பிள்ளை சொல்கிற எல்லாமே பயத்தில் சொல்வதாகத்தான் பெரியவர்களுக்குக் கேட்கும். சிந்தியது என்றால் சிந்தியதோடு போயிருக்குமே, விட விட விரல் நனைகிறதே என்று சொல்ல நினைத்தேன். கரையிலிருந்து அம்மா, "ஏட்டி, நல்ல காரியத்துல மொகத்தத் தூக்கி வச்சிக்கிடாத, சிரி" என்று சைகை காட்டினாள்.

குளத்தங்கரைக் கோயில் பூசாரி தேங்காய் உடைத்தார். தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கரையில் ஒருவர் வாயிலும் பீடி இல்லை; வந்தவர்கள் எல்லோரையும் அதட்டி அணைக்க வைத்தவர் அவர்தான். இப்போது அவரே கையைக் கூப்பிக்கொண்டு அந்தச் சூடத்தை எதிர்பார்த்து நிற்கிறார். இத்தனை வருடம் கழித்தும் நான் அதை யோசித்துப் பார்க்கிறேன். அவருக்குப் புத்தி மழுங்கவில்லை. அங்கே நின்ற யாருக்குமே சூடம் தீயாகத் தெரியவில்லை. பீடி தீ, அடுப்பு தீ, விளக்கு தீ. சூடம் சாமிக்குக் காட்டுகிறது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அது எங்கேயாவது சுடுமா?

சாரல் காற்றில் சூடம் அணைந்தது. பூசாரி மறுபடி கொளுத்தினார், அதுவும் அணைந்தது. கூட்டத்தில் யாரோ "சகுனம் சரியில்லியே" என்று சொன்னார்கள், முதலாளியின் முகம் சுண்டிவிட்டது. "காத்து நிக்க விடமாட்டேங்கு" என்றார் பூசாரி. "கூரைக்குள்ள கொண்டுபோயி காட்டும் வேய், அங்கன காத்து கெடையாது" என்றார் முதலாளி. பூசாரி புதுச் சூடத்தைக் கொளுத்தி, ஒரு கையால் அணை கட்டிக்கொண்டு, பலகையில் ஏறி நடந்து வந்தார். காற்று மறைந்ததும் சுடர் ஆடாமல் நேராக நின்றது. அவர் கை மறைவில் அது மஞ்சளாக வளர்ந்ததைப் பார்த்தேன். அப்பா அதை வாங்கிக்கொள்ளத் திரும்பி, என் பக்கத்தில் குனிந்தார்.

நான் யோசித்து எதையும் செய்யவில்லை. யாரையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அந்தச் சுடர் என்னிடம் வருகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. கால் தானாக எழுந்தது, சுருட்டிய தார்ப்பாய்ப் பக்கம் வள்ளத்தைத் தாண்டிக் குளத்துக்குள் குதித்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. பாவாடை குடைபோல் விரிந்து, பிறகு காலைச் சுற்றிக்கொண்டது. தண்ணீர் மூக்கில் ஏறியது. அம்மாவின் அலறல் தண்ணீருக்குள்ளேயே கேட்டது. அடுத்த நொடி அப்பா குதித்து என் தலைமுடியைப் பிடித்தார்.

பூசாரி என்ன செய்வார் பாவம், கையில் இருந்த தட்டைக் கூரைக்குக் கீழே நான் இருந்த பலகையிலேயே வைத்துவிட்டு, "பிள்ள விழுந்துட்டு, பிள்ள விழுந்துட்டு" என்று கத்திக்கொண்டு கரைக்கு ஓடினார். அவர் கரையில் கால் வைத்திருப்பார். ஈரப் போர்வையை ஓங்கி உதறினாற்போல் ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியபோது கூரையைக் காணோம். நாங்கள் இருந்த இடத்தில் தீ இருந்தது. அப்பா என்னை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தண்ணீருக்குள் கழுத்தளவு இறங்கி, தூரமாக இழுத்துப் போனார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது. அப்பாவும் பயப்படுவார் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பூசாரியின் குடுமி நுனி கருகியது. வள்ளம் தண்ணீர் மட்டம் வரை எரிந்து, கரையோரமாக அப்படியே குந்திவிட்டது. ஆனால் தீ அணைவதற்கு முன்னாலேயே கரையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "சூடம் காட்டயில கன்னிப்பிள்ள தண்ணில விழுந்தா வெளங்குமா?" "சாமி ஏத்துக்கிடல, அதான் ரெண்டு தடவ அணஞ்சது." முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "ஊமைப் பிள்ளையக் கொண்டாந்து ஏத்துனேன் பாரு" என்றார். சாயங்காலத்துக்குள் தெருவில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: "போட்டெரிச்சா." அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "நாளைக்கு இவள ஒருத்தன் கைல பிடிச்சுக் குடுக்க வேண்டாமா? ராசி கெட்டவன்னு பேராயிப் போச்சே." தீயைவிட அந்த அழுகைதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. இனி எங்கே போனாலும் என்னைக் கண்டு ஆட்கள் விலகுவார்கள், எனக்கு அது புரிகிற வயதுதான்.

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "கைல பட்டதுன்னியே, அது காஞ்சுதா, நின்னுதா?"

"விட விட நனஞ்சுது."

அவர் என் விரலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சாமான் பையில் மிச்சமிருந்த இன்னொரு வாஷரை எடுத்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலை ஊற்றி அதற்குள் போட்டு, கொல்லைச் சுவர் மேல் வைத்தார். காலையில் அது மழையில் ஊதின காளான்போல் உப்பி, விரலால் அழுத்தினால் பிய்ந்து வந்தது. தண்ணீர் ஊற்றி ஒரு பகல் முழுக்கப் பார்த்தோமே, தண்ணீருக்கு அது தாங்கியது. பெட்ரோலுக்குத் தாங்கவில்லை. ராத்திரி முழுக்க ஒழுகியிருக்கிறது. வாடை வெளியே போகாமல் தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறது.

அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "இத எவனும் பாக்கல. குப்பைல தூக்கிப் போடுங்க. பிட்டர் வேல பிசகுன்னு தெரிஞ்சா ஒருத்தன் கூப்பிடுவானா?" என்றாள். முந்தின ராத்திரி எனக்காக அழுதவள்தான் அவள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் மகள் பேர், ஒரு பக்கம் வீட்டுச் சோறு. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மரக்கடைக்கு நடந்தார். நான் வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மரக்கடை வாசலில் முதலாளி, பூசாரி, இன்னும் ஏழெட்டுப் பேர் நின்று அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அப்பா, ட்யூப்பில் மிச்சமிருந்த துண்டை ஒரு கையிலும், ஊறிய வாஷரை ஒரு கையிலுமாக நீட்டினார்.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே ட்யூப்பு. இது காஞ்சது. இது ராத்திரி பெட்ரோல்ல கெடந்தது. தொட்டிக்கு அடியில நான் போட்டது இதுதான். சாமி ஒண்ணும் செய்யல, பிள்ளையும் ஒண்ணும் செய்யல. பிசகு என் கையில."

முதலாளி அதை வாங்கி நசுக்கிப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியது. விரலைத் துடைத்துக்கொண்டே, "இத நீரு சொல்லாட்டா எவனுக்குவே தெரியும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

"பிள்ளைக்குத் தெரியும் அண்ணாச்சி. குதிக்கதுக்கு முன்னாலயே எங்கிட்ட சொன்னா. நாந்தான் காதுல வாங்கல."

பூசாரி தன் கருகின குடுமியைத் தடவிக்கொண்டு, "அப்போ இதுக்கும் நீருதான் பொறுப்பா வேய்?" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "ஆமா அண்ணாச்சி" என்றார்.

அன்று மத்தியானம் எரிந்த வள்ளத்தைக் கரைக்கு இழுத்தார்கள். எல்லாம் கரியாகிப்போயும் தொட்டி வெடித்த வாயோடு இரண்டு பட்டைக்கும் நடுவில் இருந்த இடத்திலேயே இருந்தது. கழற்ற முடியாமல் அடிச் சட்டத்தோடு அறுத்து எடுத்தார்களாம். யார் பேசினாலும் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மா சொன்னதுதான் நடந்தது. அந்த வருடம் கிணற்று என்ஜின்களுக்கு வேறு ஆட்களைக் கூப்பிட்டார்கள். அப்பா ஆலங்குளத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார், நாங்களும் பின்னாலேயே குடிபோனோம். என் படிப்பு ஐந்தோடு நின்றது. என்னைப் பெண் பார்க்கத் தென்காசியிலிருந்தே வந்தார்கள். "போட்டெரிச்சா" என்று அதற்குள் யாரும் சொல்வதில்லை.

போன சாரலில் என் மகன் காரில் குற்றாலம் கூட்டிப் போனான். குளத்தங்கரை இப்போது தார் ரோடு, பாதிக் குளம் மனைக்கட்டு. மரக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. குற்றாலத்தில் படகு விடுகிறார்களாம், காலால் மிதிக்கிற படகு, எண்ணெயே வேண்டாமாம். குளத்துப் பக்கம் டீக்கடையில் நிறுத்தினோம். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருப்பார், வெளியூர்ப் பையன்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: அந்தக் காலத்தில் இங்கே ஒரு போட்டு ஓடிற்று, பூசை நேரத்தில் ஒரு பிள்ளை சூடத்தைத் தட்டிவிட்டாள், சாமி குத்தமாகிப் பற்றி எரிந்துபோயிற்று, அன்றிலிருந்து இந்தக் குளத்தில் போட்டே கிடையாது.

வேற்று ஆளிடம் நானாகப் பேசியது என் ஆயுசில் மிகவும் குறைவு. எழுந்து போனேன். "சாமி குத்தம் இல்ல அண்ணாச்சி. பிள்ள மேலயும் குத்தம் இல்ல. தொட்டியப் பூட்டுனதுல பிசகு. பூட்டுன பிட்டரே எல்லார் முன்னாலயும் வந்து ஒத்துக்கிட்டாரு" என்றேன். பெற்ற அப்பாவின் தப்பை ஊரறியச் சொல்லத்தான் எனக்கு இந்த வயதில் வாய் திறந்தது.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் பிட்டரு?" என்று கேட்டார்.

மகன் ஹாரன் அடித்தான், போய்விட்டேன். மரக்கடை வாசலில் அன்று நின்றவர்களில் இப்போது யாரும் இல்லை. எந்தப் பிட்டர் என்பதைத்தான் வீட்டுக்கு வந்து இவ்வளவு எழுதியிருக்கிறேன்.